பின்சீட்டுக்காரரின் லைசென்ஸ்

காரைக்குடியில் கார் ஓட்டத் தெரியாமலேயே நல்ல டிரைவர் என்று பெயர் எடுத்தவர் ஒருவர் உண்டென்றால், அது அழகுசுந்தரம்தான். இருபது வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறார். ஒரு விபத்து கிடையாது, ஓர் அபராதம் கிடையாது, எந்த வண்டியிலும் ஒரு கீறல்கூடப் போட்டதில்லை. வண்டி ஓட்டுகிறவர்களால் இவ்வளவு சுத்தமாக இருக்க முடியாது.

கல்லுக்கட்டிப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கடைக்குச் சைக்கிளில் போவார். உடம்புக்கு நல்லது என்பார். வெளியூர் என்றால் காரில், பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து போவார். அதுதான் கார் வைத்திருப்பவருக்கு அழகு என்பார். டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும், எந்த வண்டி எவ்வளவு மைலேஜ் கொடுக்கும், குன்றக்குடி போகிற வழியில் எத்தனை வேகத்தடை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சென்னையில் இருக்கும் மைத்துனர் நாராயண் ஒவ்வொரு தடவை கார் மாற்றும்போதும் இவரிடம்தான் யோசனை கேட்பார். சொன்ன யோசனை ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை. நீச்சல் தெரியாதவர்கள்தான் ஆற்றின் ஆழத்தைச் சரியாக விசாரித்து வைத்திருப்பார்கள்.

லைசென்ஸ் வந்த கதை சின்னது. கல்யாணத்துக்குப் பெண் வீட்டில் ஒரு வெள்ளைக் கார் கொடுப்பதாகப் பேச்சு. வெள்ளிச் சாமான், எவர்சில்வர், மங்குச்சாமான் என்று வரிசையாகப் பரப்பி வைக்கப்போகும் சீரின் கடைசியில் மாலை போட்டு ஒரு கார் நிற்கும்போது, மாப்பிள்ளையிடம் லைசென்ஸ் இல்லை என்றால் நன்றாகவா இருக்கும்? எனவே கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால், நாலு நாள் பழகிவிட்டு, அழகுசுந்தரம் சோதனைக்குப் போய் நின்றார். அன்றைக்குச் சோதனை நடந்த பொட்டல் சற்றுச் சரிவானது. இவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்; கார் தானாகவே உருண்டது. பத்தடி உருண்டு அழகாக நின்றது. பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிக்கு அந்த நேரத்தில் போன் வந்தது. "சரி, அடுத்த ஆளு" என்றார். புவியீர்ப்புக்குக் கிடைக்க வேண்டிய லைசென்ஸ் அழகுசுந்தரத்துக்குக் கிடைத்தது.

கல்யாணமான மூன்றாம் வாரம், வீட்டில் யாரும் இல்லாத ஒரு பிற்பகலில், காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்க முயன்றார். பின்னால் வர வேண்டிய கார் முன்னால் ஒரு குதி குதித்து, சுவரைத் தொடாமல், உயிரை விட்டது. அவர் இறங்கி ஷெட்டை மூடினார். அதன் பிறகு திறக்கவில்லை என்று சொல்ல முடியாது. திறக்க வேறொருவரை வைத்துக்கொண்டார். மருது என்று ஓர் ஆக்டிங் டிரைவர். சொந்தமாகக் கார் கிடையாது. ஊரில் இருக்கிற கார்களையெல்லாம் நாள் கூலிக்கு ஓட்டுகிறவர்.

மருது கிடைக்காத நாட்களுக்குத்தான் பஞ்சாங்கம். மனைவி தேனம்மை, "நீகளே எடுங்களேன்" என்று சொல்லிவிட்டால், அழகுசுந்தரம் உடனே காலண்டர் பக்கம் திரும்புவார். கிழக்கே போக வேண்டுமென்றால் அன்றைக்குக் கிழக்கே சூலமாக இருக்கும். சூலம் இல்லையென்றால் ராகுகாலம், அது முடிந்தால் எமகண்டம், எல்லாம் தப்பினால் கரிநாள். இத்தனைக்கும் அவர் நாள் பார்க்கிற ஆள் அல்லர். கடையை ராகுகாலத்தில் திறப்பார், கரிநாளில் கொள்முதலுக்குப் போவார். அவருடைய ஆசாரம் முழுவதும் ஸ்டியரிங்கைச் சுற்றித்தான் இருந்தது.

சூலத்துக்குப் பரிகாரம் உண்டு. வடக்கே என்றால் பால், மேற்கே என்றால் வெல்லம். ஒரு தடவை தேனம்மை டம்ளரில் பாலோடு வந்து நின்றார். அழகுசுந்தரம் அசரவில்லை.

"பரிகாரமெல்லாம் நடந்து போறவுகளுக்கு ஏற்பட்டது தேனு. எஞ்சின் வச்ச வண்டிக்கு அது செல்லாது."

அந்தப் பாலைத் தேனம்மையே குடித்தார்.

இப்படி இருபது வருடம் ஓடியது. கார் ஓட்டாதவர் வீட்டில் காலம் ஓடுவதற்குக் கேட்கவா வேண்டும். மகள் சௌபர்ணிகா பிறந்து, வளர்ந்து, கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாள். வெள்ளைக் கார் போய் வேறொன்று வந்தது. இந்த வருடம், வைகாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், வங்கியில் ஏதோ அடையாளச் சான்று கேட்டார்கள் என்று அழகுசுந்தரம் லைசென்ஸை எடுத்துத் தரச் சொன்னார். தேனம்மை பீரோவிலிருந்து எடுத்தவர், கையில் கொடுக்காமல் வெளிச்சத்தில் காட்டிப் படித்தார். "என்னங்க, இதுல போன வருசம் ஜூன் மூணாந்தேதியோட முடிஞ்சிருச்சுன்னு போட்டிருக்கு?"

"இருக்காது. ஐம்பது வயசு வரைக்கும் செல்லும்னு அப்பவே சொன்னாக. அதுக்கு மேல ஒரு வருசத்துக்குள்ள புதுப்பிச்சாப் போதும். எனக்கு ஐம்பது முடிஞ்சது ஐப்பசியிலதானே?"

"ஐப்பசி ஜாதகத்துல. லைசென்ஸ்ல ஜூன்ல பொறந்திருக்கீக."

அழகுசுந்தரம் இரண்டு முறை பிறந்தவர். முதல் முறை ஐப்பசியில், அவருடைய அம்மாவுக்கு. இரண்டாம் முறை பள்ளிக்கூடத்தில், தலைமையாசிரியருக்கு. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது நாலரை மாதம் குறைகிறது என்றதும், அந்த ஆசிரியர் பேனாவை உதறி ஜூன் நான்கு என்று எழுதிக்கொண்டார். குடும்பம் அதை மறந்துவிட்டு ஐப்பசி நட்சத்திரத்துக்கே பாயசம் வைத்துக்கொண்டிருந்தது. சர்க்கார் மட்டும் மறக்கவில்லை.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகப் பொன்னழகுவின் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். பொன்னழகு ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அம்மாள். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வர்ற புதன்கிழமை மூணாந்தேதி. அன்னிக்குள்ள ஆபீஸ்ல போய் நின்னுட்டீகன்னா ஒரு தொல்லையும் இல்லண்ணே. டாக்டர் சர்ட்டிபிகேட்டு, போட்டோ, கையெழுத்து, அம்புட்டுத்தான்."

"தாண்டிருச்சுன்னா?"

"தாண்டுனா மொதல்லருந்து. எல் போர்டு மாட்டி, முப்பது நாள் கழிச்சு, எட்டுப் போட்டு, ரிவர்ஸ் எடுத்துக் காட்டணும். இப்ப முன்ன மாதிரி இல்ல, கேமரா வச்சுப் பாக்குறாக." பொன்னழகு சிரித்தார். "உங்களுக்கு என்னண்ணே. இருபது வருச அனுபவம். கண்ணை மூடிக்கிட்டுப் போடுவீக."

கண்ணை மூடுவது வரை அவருக்கும் நிச்சயமாக முடியும்.

விஷயம் இவ்வளவுதான். புதன்கிழமைக்குள் போனால், கண்ணும் காதும் இருந்தால் போதும். கார் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. புதன்கிழமை தாண்டினால், எல் போர்டு மாட்டிய வண்டியில், கேமராவுக்கு முன்னால், சரிவில்லாத மைதானத்தில் உட்கார வேண்டும். மாமனார் வீட்டில் கார் கொடுத்து இருபது வருடம் ஆன பிறகு, மாப்பிள்ளைக்குக் கிளட்ச் எது என்று தெரியாது என்ற செய்தி சென்னை வரை போகும். ஓட்டத் தெரிந்தவன் லைசென்ஸை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்வான். அது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் ஓட்டத் தெரியாதவனுக்குத்தான்.

பொன்னழகு அங்கேயே விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை அழகுசுந்தரம் டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொன்னார், மறு கண்ணை மூடச் சொன்னார், சிவப்பையும் பச்சையையும் காட்டிக் கேட்டார். "பின்னால வர்ற வண்டி ஹாரன் அடிச்சாக் கேக்குதா?" என்றார்.

"நல்லாக் கேக்கும். முன்னால இருக்கவனுக்கு நான்தான் சொல்லுவேன்" என்றார் அழகுசுந்தரம். டாக்டருக்கு அவசரம், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சனியும் ஞாயிறும் ஆபீஸ் கிடையாது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அழகுசுந்தரம் இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்துக்கு வந்தபோது, தேனம்மை காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க கெளம்பீட்டீக?"

"லைசென்ஸ் ஆபீஸுக்கு."

"இன்னைக்குக் கரிநாளுங்க."

"அதனால என்ன?"

"அதனால என்னவா? என் தம்பி மகனுக்குக் காளையார்கோவில்ல மொட்டை அடிச்சப்ப, கரிநாள் அன்னைக்கு ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்னு சொல்லி பஸ்ல கூட்டிட்டுப் போனீக. ரெண்டு பஸ் மாறி, மடியில புள்ளைய வச்சுக்கிட்டு. சாதாரணமா ஓட்டறதுக்கே ஆகாதுன்னா, லைசென்ஸுக்கே போயி கை வைக்கலாமா?"

கரிநாள் பரவாயில்லை என்று சொன்னால் அன்றைய பஸ் பயணத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அழகுசுந்தரம் சட்டையைக் கழற்றி மாட்டினார். கடைக்குப் போய் ஒருவருக்கு இட்லிப் பானைக்குக் குக்கர் மூடியைப் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை அவர் எட்டரைக்கே கிளம்பினார். தேனம்மை எட்டேகாலுக்கே வாசலில் இருந்தார்.

"ஆபீஸ் எந்தப் பக்கம்?"

"வடக்கே" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

"செவ்வாய் வடக்கே சூலம்."

"பால் குடிச்சுட்டுப் போயிருவேன் தேனு. ஒரு டம்ளர் கொண்டா."

"பரிகாரமெல்லாம் நடந்து போறவுகளுக்குன்னு நீகதானே சொன்னீக? எஞ்சின் வச்ச வண்டிக்குச் செல்லாதுன்னு?"

"அப்ப நடந்தே போறேன்."

"ஒம்போது கிலோமீட்டர். இந்த வெயில்ல." தேனம்மை பரிவோடு சொன்னார். "எதுக்குங்க இப்படி அலமலந்து சாகுறீக? நாள் தாண்டுனாத் தாண்டிட்டுப் போகுது. எட்டுதானே போடச் சொல்றாக? நீக போட்டா பக்கத்துல நின்னு நாங்களும் பாக்கலாம்ல. நாராயண்கிட்டச் சொன்னா அவனும் லீவு போட்டுட்டு வருவான். அத்தான் ஓட்டிப் பாத்ததே இல்லைன்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருக்கான்."

அழகுசுந்தரத்துக்கு நெற்றியில் வேர்த்தது. வெயில் இன்னும் வாசலுக்கு வரவில்லை.

கடையில் உட்கார்ந்துகொண்டு மருதுவுக்குப் போன் போட்டார். அடுத்த நாள் காலை கட்டாயம் வர வேண்டும், சூலம் கீலம் என்று வீட்டில் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்பது திட்டம்.

"நாளைக்கா? ஆத்தங்குடில ஒரு கல்யாணம்ணே, ரெண்டு நாளா அங்கதான் கிடக்கேன். பொண்ணு வீட்டுக் காரு." மருது கொஞ்சம் யோசித்தார். "நீகளே ஓட்டிட்டுப் போயிருங்கண்ணே. லைசென்ஸ் ஆபீஸுக்குச் சொந்தமா ஓட்டிட்டுப் போனா அதுவும் ஒரு மதிப்புத்தானே?"

மருது அதைச் சிரிக்காமல் சொன்னார். அதுதான் அழகுசுந்தரத்தை உறுத்தியது.

புதன் பிறந்தது. புதனுக்கும் வடக்கேதான் சூலம். செவ்வாயும் புதனும் அந்த விஷயத்தில் கூட்டு. அழகுசுந்தரம் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, சான்றிதழ்களை மஞ்சள் பையில் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொல்லைப்புற வழியாகப் போகலாமா என்று பார்த்தார். அங்கே தேனம்மை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். முன்பக்கம் திரும்பினார். அதற்குள் அவரும் முன்பக்கம் வந்துவிட்டார்.

"இன்னைக்கும் வடக்கே..."

"சூலமாவது மண்ணாவது!" என்றார் அழகுசுந்தரம். குரல் கூடத்துத் தூண்களில் பட்டுத் திரும்பி வந்தது. "நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். கரிநாளுங்குற, சூலம்ங்குற. எந்தக் காலத்துல இருக்க நீ? இதையெல்லாம் ஒரு மனுசன் பாப்பானா?"

தேனம்மை அசையாமல் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை, ரொம்ப நாளாகக் காய்ச்சிய பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்கிற பார்வை.

"பாக்க மாட்டான்" என்றார். "அப்ப சரி. வாங்க, கெளம்புவோம். ஆட்டோவ வேணாம்னு சொல்லிருங்க."

"மருது வரலியே?"

தேனம்மை ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தார். ஷெட்டைத் திறந்தார். டிரைவர் கதவைத் திறந்து உட்கார்ந்து, சேலை முந்தியை இடுப்பில் செருகி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். கார் பின்னால் வந்தது. முன்னால் குதிக்கவில்லை. வாசலில் ஒரு வளைவு வளைந்து, சாக்கடையைத் தொடாமல், அழகுசுந்தரத்தின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"ஏறுங்க. பத்து மணிக்கு மேல கூட்டம் வந்துரும்."

அவர் பழக்கத்தில் பின்கதவைத் திறந்து, பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தார். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் கேட்டார்.

"எப்பப் படிச்ச?"

"போன தை. பொன்னழகுகிட்ட. மத்தியானம் நீக கடையில இருக்கையில." ஒரு மாட்டு வண்டிக்கு வழிவிட்டுக்கொண்டே சொன்னார். "மாசியில லைசென்ஸ் வந்துருச்சு. மொதத் தடவையே பாஸு."

அழகுசுந்தரம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். தன் வீட்டில் ஓடக்கூடிய லைசென்ஸ் ஒன்று நாலு மாதமாக இருந்திருக்கிறது. தன்னுடையது ஒரு வருடமாகச் செத்துக் கிடந்திருக்கிறது. ஆனாலும் அவருக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. இவள் ஓட்டப் படித்திருக்கிறாள், அவ்வளவுதான். நமக்குத் தெரியாது என்பது இவளுக்குத் தெரியாது.

அந்த நம்பிக்கையோடுதான் அவர் வரிசையில் நின்றார். போட்டோ எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். கடைசிக் கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட பெண் அலுவலர் கார்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் சார், ஒரு வருஷம் முடியற அன்னைக்கா வந்து நிப்பீங்க? இந்த ஒரு வருஷமா லைசென்ஸ் இல்லாம ஓட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. அது குத்தம் தெரியுமா?"

அழகுசுந்தரத்துக்குக் குற்றம் என்ற சொல் ஆகாது. கடைக்கு வரி கட்டுவதில் ஒரு நாள் பிந்தியதில்லை. எடைத் தராசுக்கு முத்திரை போடத் தவறியதில்லை. அவருக்குச் சுருக்கென்றது.

"இல்லம்மா. நான் ஓட்டவே இல்ல."

"எல்லாரும் இதத்தான் சார் சொல்றாங்க."

"சத்தியமா ஓட்டலம்மா. ஒரு நாள், ஒரு அடி ஓட்டல. வேணும்னா இவுகளக் கேளுங்க." திரும்பினார். தன் வாழ்நாளில் அவர் கூப்பிட்ட ஒரே சாட்சி. "தேனு, நீ சொல்லு. நான் காரு ஓட்டுனேனா?"

தேனம்மை கவுன்ட்டர் அருகே வந்தார். "அவுக சொல்றது நெசந்தாம்மா. ஓட்டல. இந்த ஒரு வருசம் மட்டுமில்ல, கல்யாணமான நாள்லருந்தே ஓட்டல. அவுகளுக்கு ஓட்டத் தெரியாது."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அலுவலரின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. அழகுசுந்தரம் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். சரிவில்லாத மைதானம், எல் போர்டு, கேமரா, லீவு போட்டுவிட்டு வந்து நிற்கும் நாராயண் எல்லாம் அவர் கண் முன்னால் வந்து போயின.

அலுவலர் தேனம்மையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"எங்க வீட்டுக்காரரையும் நான் இதத்தாம்மா சொல்றேன். ஓட்டத் தெரியாது உனக்குன்னு. கேட்டாத்தானே? அவரு ஓட்டுறாரு, நான் பக்கத்துல உக்காந்து கந்த சஷ்டி சொல்லிக்கிட்டே வர்றேன்." வரிசையும் சிரித்தது. "இந்தாங்க சார், ரசீது. கார்டு தபால்ல வரும். அறுபது வயசு வரைக்கும் கவலையில்ல. அடுத்த தடவ சீக்கிரம் வாங்க."

உண்மை இப்படித்தான் இருபது வருடம் கழித்து ஒரு சர்க்கார் அலுவலகத்தில், சாட்சியோடு, உரக்கச் சொல்லப்பட்டது. கேட்டவர்களெல்லாம் அதை வேடிக்கை என்று நினைத்தார்கள். நம்பியவர் அழகுசுந்தரம் ஒருவர் மட்டும்தான். அவர் ரசீதை மடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

வேப்பமர நிழலில் கார் நின்றது. அழகுசுந்தரம் செருப்பால் ஒரு கல்லைத் தள்ளினார்.

"எப்பருந்து தெரியும் உனக்கு?"

"கல்யாணமான மூணாவது வாரம். வெளிய போயிட்டு அப்பத்தான் திரும்பி வந்தேன். ஷெட்டுக்குள்ள சத்தம் கேட்டுச்சு, எட்டிப் பாத்தேன். வண்டிய விட்டு எறங்கி அதுக்கிட்ட ஏதோ பேசிக்கிட்டிருந்தீக."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"கேட்டா ஒரு நாளோட முடிஞ்சிரும். கேக்காம இருந்ததுனால, இருபது வருசமா தடவைக்கு ஒரு காரணம் சொன்னீக. சௌபர்ணிகாவும் நானும் முன்கூட்டியே பந்தயம் கட்டுவோம், இன்னைக்கு சூலமா ராகுகாலமான்னு. அவதான் நெறையத் தடவ ஜெயிச்சிருக்கா."

"அவளுக்கும் தெரியுமா!" தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததைக் கேட்டார். "நாராயணுக்கு?"

"அவனுக்கு எதுக்கு? இது நம்ம வீட்டு விசயம். அவன் காரு வாங்குறப்ப நீக சொல்ற யோசனை நல்லாத்தானே இருக்கு. சொல்லுங்க." சாவியைக் கையில் சுழற்றினார். "இது மட்டும் இனிமே எங்கிட்ட இருக்கட்டும்."

அழகுசுந்தரம் தலையாட்டினார். ஒரு பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது, யாரோ பாக்கெட் அடித்துவிட்ட மாதிரியும் இருந்தது. பின்கதவைத் திறந்தார்.

"அங்குட்டு எங்க போறீக? நான் என்ன ஆக்டிங் டிரைவரா? முன்னால வந்து உக்காருங்க."

முன்னால் வந்தார். பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தேடினார். தேனம்மை எட்டி இழுத்து மாட்டிவிட்டார். கார் மெயின் ரோட்டில் ஏறியது. பாலம் தாண்டி இறக்கத்தில் ஒரு லாரி திடீரென்று நின்றது. தேனம்மை அலட்டிக்கொள்ளாமல் வேகத்தைக் குறைத்தார். பக்கத்தில் அழகுசுந்தரம் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தரையில் ஊன்றி, முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார்.

தேனம்மை அந்தக் காலைப் பார்த்தார்.

"அதுதாங்க பிரேக்கு மிதிக்கிற காலு. பாதி கத்துக்கிட்டீக."